இல்லமும் நலமும்: மாத்திரையை எறிந்துவிடலாமா?



நெய்வேலி நகரியத்திலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் நம்முன் இருக்கிறது. அதில் கண்ட செய்தி அவருடைய குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. ஆகவே பெயரை நீக்கிவிட்டு, இப்பகுதியிலேயே விடை கூற விழைகிறோம்.

அவருடைய கணவர் சுரங்கத்தில் முறைப்பணி செய்பவர், நாற்பத்தெட்டு வயது. ஆண்டுச் சோதனையில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரியவந்து, இருவகை மாத்திரைகள் எழுதிக்கொடுக்கப்பட்டன. ஓராண்டுக் காலம் ஒழுங்காக உட்கொண்டார். பின்னர் கைபேசியில் ஒரு சொற்பொழிவைக் கேட்டார். சர்க்கரை என்பது நோயே அன்று, மாத்திரைகள்தாம் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன, எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வணிகம், சிறுதானியமும் கீரைச்சாறும் இருந்தால் போதும் என்று அப்பேச்சாளர் அடித்துக் கூறினாராம். அன்றைக்கே மாத்திரைகள் குப்பைக்கூடைக்குப் போயின. பதறிப்போன சகோதரி, வெளியூரில் சொந்தமாக மருத்துவமனை நடத்தும் ஒருவரிடம் கணவரை அழைத்துச் சென்றார். "ஐயா, உணவினாலேயே இதைக் குறைக்க வழியுண்டா?" என்று கேட்டிருக்கிறார். "மருத்துவம் படித்தவர் நீங்களா, நானா?" என்பதே மறுமொழி. மூன்றாவதாக ஒரு மாத்திரையும் சேர்ந்தது. "இனி யார் சொல்லைக் கேட்பது?" என்று முடிகிறது மடல்.

கைபேசிப் பேச்சாளரும் அந்த மருத்துவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்களாகத் தோன்றினாலும் ஒரு செய்தியில் ஒத்திருக்கிறார்கள். கேள்வி கேட்காதே என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். சகோதரி கேட்டதோ முற்றிலும் முறையான கேள்வி. அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை கண்டிருக்கிறார்கள்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளியாயிற்று. சர்க்கரை நோய் இன்னும் முற்றாமல், அதன் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு உணவுத் திருத்தமும் நடைப்பயிற்சியும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். மூன்றாண்டுகளில், வெறும் அறிவுரை பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவும் நடையும் திருத்தியவர்களுள் நூற்றுக்கு 39 பேர். மாத்திரை உண்டவர்களுள் 40 பேர். இரண்டையும் கைக்கொண்டவர்களுள் 39 பேர். நம்மைப்போல் சோறும் குழம்பும் உண்பவர்களிடம், உணவும் நடையும் மாத்திரைக்கு இணையாக நின்றன. இரண்டையும் சேர்த்தபோது பயன் இரட்டிக்கவும் இல்லை. எனவே உணவைப்பற்றிக் கேட்பது அறியாமை என்று எவரும் சகோதரியைக் கடிந்துகொள்ள இயலாது.

ஆனால் அதே எண்களை மறுபக்கமும் பார்க்கவேண்டும். உணவைத் திருத்தியவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்துவிட்டது. அவர்கள் ஏமாற்றியவர்களோ சோம்பேறிகளோ என்று எண்ணுவது அநியாயம். பரம்பரையும் கணையத்தின் வலிமையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. தவிரவும், அந்த ஆய்வு வாசற்படியில் நின்றவர்களைப்பற்றியது. நம் சகோதரியின் கணவரோ வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டவர்.

உள்ளே வந்தவர்கள் வெளியேற முடியாதா? சிலர் வெளியேறியிருக்கிறார்கள். பிரிட்டனில் மருத்துவர்கள் மைக்கேல் லீன், ராய் டெய்லர் ஆகியோர் நடத்திய ஆய்வு 2017இன் இறுதியில் வெளிவந்தது. உடல் பருத்தவர்கள், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள் ஆகியோரைத் தெரிந்தெடுத்து, சில மாதங்களுக்கு மிகக் குறைந்த அளவு உணவே அளித்தார்கள். எடை வெகுவாகக் குறைந்தது. ஓராண்டின் முடிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாத்திரையின்றியே சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்தது. அவர்களும் மாத்திரையை நிறுத்தினார்கள். முதல் நாளே நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்தச் சொன்னவர்கள் மருத்துவர்கள். இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை ஏறினால் மாத்திரை மீண்டும் வரும் என்ற ஏற்பாடும் இருந்தது. குப்பைக்கூடைக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. நம்மவருள் ஒல்லியாக இருந்தே சர்க்கரை நோயுறுபவர் பலர் உண்டு. பத்துப் பதினைந்து கிலோ இழப்பதற்கு அவர்களிடம் எடையே இராது. அந்த ஆய்வை அப்படியே அவர்களுக்குப் பொருத்துவதும் சரியாகாது.

உணவு மட்டுமே மருந்தாயிருந்த காலமும் ஒன்று இருந்தது. அதை நினைவூட்டுவது கைபேசிப் பேச்சாளர்களுக்கு உவப்பாயிராது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், சிறுவயதில் சர்க்கரை நோய் கண்ட பிள்ளைகளை மருத்துவர்கள் பட்டினி போட்டே சில மாதங்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் முப்பது கிலோவுக்கும் குறைந்த எடையோடு மருத்துவமனையில் கிடந்தான். 1922 ஜனவரி 11 அன்று அவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. மருந்தைத் தூய்மைப்படுத்திச் சில நாட்களுக்குப்பின் மீண்டும் போட்டபோது சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இத்தகைய பிள்ளைகளின் இன்சுலினை ஒரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து. கேழ்வரகோ பாகற்காயோ அந்த இடத்தை நிரப்பமாட்டா. தம் பிள்ளைக்கு இன்சுலின் போடும் தாய் எவரேனும் இதைப் படிப்பாராயின், எந்தப் பேச்சைக் கேட்டும் அதை நிறுத்தவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

உணவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவை நமக்குக் கற்பித்த மற்றொரு நோய் காசநோய். நம் தாத்தாக்கள் காலத்தில் அதற்குச் சானடோரியமே கதி. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. ஏழைக்கு இவை எட்டாக்கனி. ஆகவே ஏழை பிழைக்கமாட்டான் என்பது மருத்துவர்களின் எண்ணமாயிருந்தது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தோன்றியபோது இந்த எண்ணத்தைத்தான் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 193 ஏழை நோயாளிகள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் தங்கி நல்ல உணவோடு மருந்து உண்டனர். மற்றவர் தத்தம் நெருக்கடியான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, அதே மருந்தை உட்கொண்டனர். ஓராண்டு கழிந்தபின் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். முடிவு 1959இல் வெளியானபின் உலகெங்கும் காசநோய்ச் சானடோரியங்களின் காலம் முடியலாயிற்று. மருத்துவ அறிவுரையைக் கேள்வி கேட்பது என்றால் அதுவன்றோ கேள்வி! கேட்டவர்களும் மருத்துவர்களே.

அப்படியானால் காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டே அன்று என்று முடிவு கட்டலாமா? கூடாது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கி ஓர் ஆய்வு நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தார் அதில் இடம்பெற்றனர். நன்கு உண்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தொற்றுவது நூற்றுக்கு 39 என்ற அளவில் குறைந்தது. வந்த நோயை மருந்து தீர்க்கிறது. வராமல் காப்பதில் சோற்றுக்கும் பருப்புக்கும் பெரும் பங்கு. எந்த நோயில், எந்தக் கட்டத்தில், உணவு எவ்வளவு செய்யும் என்று தனித்தனியே கேட்டுத்தான் அறியவேண்டும். "உணவே மருந்து" என்ற ஒரே வாக்கியத்தை எல்லா நோய்க்கும் போர்த்துவது சோம்பேறித்தனம்.

விவிலியத்தில் சீராக்கின் ஞான நூலைத் திறந்து பாருங்கள். முப்பத்தேழாம் அதிகாரத்தின் இறுதியில், உன் வாழ்க்கையில் உன்னையே சோதித்துப் பார், உனக்குத் தீங்கானது எது என்று கண்டு அதை விலக்கு, பெருந்தீனி பலரைக் கொன்றிருக்கிறது என்ற கருத்து வருகிறது. உடனே அடுத்த அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லித் தொடங்குகிறது, அவரும் இறைவனால் உண்டாக்கப்பட்டவர், மருந்து நிலத்திலிருந்து இறைவன் தருவது, அறிவுள்ளவன் அதை வெறுக்கமாட்டான் என்கிறது, மன்றாடவும் சொல்கிறது. மன்றாட்டுக் கூட்டங்களில் மாத்திரையை வீசச் சொல்பவர்கள் இந்த அதிகாரத்தை எப்படித் தாண்டிப்போகிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கும் விவிலியத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார். பாபிலோன் அரண்மனை உணவை மறுத்த தானியேல், மேற்பார்வையாளரோடு சண்டையிடவில்லை, ஒளித்துக் கொட்டவுமில்லை. பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப்பாருங்கள், பின்பு மற்றவர்களோடு எங்களை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டார். நம் சகோதரியின் கணவரும் அதையே செய்யலாம். பத்து நாள் தாம் என்ன உண்டார், எப்போது உண்டார், எவ்வளவு நடந்தார், சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டை மருத்துவர் மேசைமேல் வைத்து, "மூன்று மாதம் இப்படி உண்ணப்போகிறேன், மாத்திரையின் அளவை எப்போது, எப்படிக் குறைக்கலாம்?" என்று கேட்கட்டும். கோபித்துக்கொள்ளும் மருத்துவர் சிலர் இருக்கலாம். அப்போது வேறொரு மருத்துவரிடம் செல்வது நன்றிகெட்ட செயலாகாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், நோயைப்பற்றிய விளக்கம் பெறுவதும், சோதனைக் குறிப்புகளைப் பெறுவதும், இன்னொரு மருத்துவரின் கருத்தை நாடுவதும் நோயாளியின் உரிமைகளாகவே கூறப்பட்டிருக்கின்றன.

நெய்வேலிக்காரர்கள் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. சீட்டில் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதியிருக்கும். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு எது காலை? சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவென்றும் பகலென்றும் பாராமல் இயங்குகின்றன. வாரத்துக்கு வாரம் முறை மாறும் ஒருவர், பொழுது விடிந்து வீடு திரும்பி, சீட்டில் உள்ளபடி மாத்திரையை விழுங்கி, களைப்பில் இரண்டு இட்டிலியோடு படுத்துவிடுகிறார். அது கிளிமிபிரைடு வகை மாத்திரையாயின், உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். உறக்கத்திலேயே சர்க்கரை அளவு இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை தோன்றினாலும் வீட்டார் அவர் தூங்குகிறார் என்றே எண்ணுவர். மெட்பார்மின் மட்டும் உண்பவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே தாம் விழுங்குவது எந்த வகை என்பதை ஒவ்வொருவரும் பெயரோடு தெரிந்து வைத்திருக்கவேண்டும். "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்று சொல்லிக்கொண்டிருப்பது போதாது. உணவைத் திடீரெனப் பாதியாக்கிவிட்டு இத்தகைய மாத்திரையைப் பழைய அளவிலேயே உண்பதும், மாத்திரையை எறிவதைப்போலவே கெடுதியானது. மாபெரும் எந்திரங்களுக்கு நடுவே வேலை செய்பவருக்கு மயக்கம் வந்தால் என்னாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோசோ எப்போதும் இருக்கட்டும்.

மெட்பார்மினைப்பற்றி மருத்துவரிடம் கேட்கவும் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் அதை உண்பவர்களுக்கு பி-12 என்னும் வைட்டமின் குறையக்கூடும். காலில் எரிச்சலும் மதமதப்பும் வந்தால் எல்லாம் சர்க்கரையால் என்று விட்டுவிடாமல், "பி-12 பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

இனிச் சோற்றுத் தட்டுக்கு வருவோம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைவதற்குமுன் இந்தச் செம்மண் பூமியில் கம்பும் கேழ்வரகும் வரகுமே பெரும்பாலோரின் உணவு. வெயிலில் நாள் முழுதும் உழைத்து, கூழைக் குடித்தார்கள். இன்று பேருந்திலோ ஸ்கூட்டரிலோ வேலைக்குச் சென்று, மூன்று வேளையும் அரிசி உண்கிறோம். நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. காய்கறிக்கோ காசு வேண்டும். மாதக் கடைசியில் தட்டில் சோறு குவிவதற்குக் காரணம் பேராசை மட்டுமன்று என்பதை அறிவுரை கூறுவோர் மறந்துவிடுகிறார்கள். என்றாலும் வழியுண்டு. தட்டில் பாதியைக் கீரை, அவரை, வெண்டை, கொத்தவரை போன்றவற்றால் நிரப்பி, கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ வைத்து, எஞ்சிய கால் பங்கே சோறு என்று பழகினால், தனிச் சமையல் தேவைப்படாது. சிறுதானியத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை: கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சினால் அதுவும் சர்க்கரையை விரைந்து ஏற்றும். வரகையோ சாமையையோ சோறாகப் பொங்கி, அளவோடு உண்பது மேல். சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டதும் இரண்டு மடங்கு உண்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நள்ளிரவில் கேண்டீனில் இனிப்புத் தேநீரும் வடையும் உண்ணும் பழக்கத்தை, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சுண்டலாக மாற்றிக்கொள்வது எல்லாக் கீரைச்சாறுகளையும்விடப் பயன் தரும்.

பக்கத்திலேயே பண்ருட்டி. பலாப்பழக் காலத்தில் நாக்கைக் கட்டு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இரண்டு மூன்று சுளை உண்டு, அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும். பலாக்காய் மாவு சர்க்கரையைத் தீர்க்கும் என்று இப்போது விளம்பரம் வருகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 12 வாரம் நடந்த ஆய்வில் சர்க்கரையின் சராசரி அளவு சிறிது குறைந்தது மெய்யே. ஆனால் பங்குபெற்றோர் 40 பேர்தாம். பலாக்காயைப் பொரியலாகச் செய்து சோற்றுக்குப் பதிலாக உண்ணலாம். மாத்திரைக்குப் பதிலாக உண்ணலாகாது. சர்க்கரையை அடியோடு தீர்ப்போம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி எழுதிய புட்டியைக் கண்டால் விலையைக்கூடக் கேட்கவேண்டாம்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மற்றவர்களுக்கு நலம் தரும் இளநீரும் கீரைச்சாறும் பழச்சாறும் அவர்கள் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவர்கள் கீரையை ஒரு நாள் அள்ளி உண்டு மறுநாள் அறவே விடுவதும் ஆபத்து. "இயற்கையானதுதானே" என்று அயலார் கொடுப்பதை வாங்கிப் பருகுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

தவக்காலம் வருகிறபோது நோன்பைப்பற்றிக் கேட்டுச் சிலர் எழுதுகிறார்கள். பதினெட்டு வயது நிறைந்தோர் முதல் ஐம்பத்தொன்பது வயது முடிந்தோர் வரையே திருச்சபை நோன்புக் கடமையை விதிக்கிறது. நோயாளிகளை அது கட்டுப்படுத்தாது. இன்சுலினோ கிளிமிபிரைடோ கொள்பவர் பட்டினி கிடப்பதைவிட, இனிப்புக் காப்பியையும் மதியத்தின் இரண்டாவது கரண்டிச் சோற்றையும் விட்டு, மிச்சமாகும் காசை ஏழைக்குக் கொடுக்கலாம். ஐயமிருப்பின் பங்குத்தந்தையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே செல்வோருக்கும் ஒரு சொல். ஆகஸ்டு 29இல் கொடியேறுமுன் நம் பகுதியிலிருந்தும் காவியுடுத்திக் கூட்டங்கூட்டமாகப் புறப்படுகிறார்கள். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டோர் பலர். பல்லாண்டுச் சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. தார்ச்சாலையின் சூட்டில் கொப்புளம் எழும்பினாலும் தெரியாது. விரலையும் காலையும் இழப்பது இவ்வாறுதான் தொடங்குகிறது. அத்தகையோர் மென்மையான செருப்பு அணிந்து நடக்கட்டும். மாதாவின் கோவில் வாசலில் அதைக் கழற்றினால் போதும். ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தில் உள்ளங்காலைத் தமக்கு நெருங்கியவரிடம் விளக்கொளியில் காட்டச் சொல்லுங்கள். பையில் மாத்திரை, மருத்துவர் சீட்டு, தண்ணீர், ஒரு பொட்டலம் சர்க்கரை ஆகியவை இருக்கட்டும்.